அம்மிணி நக்கிய சுவர்

"நாத்தம் உன்கூட வந்ததுடி. அதத்தான் நான்..."

"என்கூட வந்தது ரெண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினும். நாத்தத்த நான் எங்க..."

"...ஏழு வருஷமா சொல்லிட்டிருக்கேன். நீ வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு வாடை கிடையாது."

"...கொண்டு வரல அம்மச்சி. கொண்டு வரல. கொண்டு வரல."

மூன்றாவது 'கொண்டு வரல'வில் மருமகள் ஜசிந்தாவிடம் சண்டை போடுகிற குரலே இல்லை. வகுப்பில் மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல்தான் இருந்தது. மாமியார் ஏலிக்குட்டியும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். கர்க்கடக மாதத்து மழை பதினோராவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் சண்டைக்கும் ஈரம் ஏறிப் போயிருந்தது. பற்றவைத்தாலும் எரியவில்லை.

அறை வாசலில் நின்ற அச்சாம்மா குடையை மடக்கினாள். போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, சங்கனாச்சேரி சந்தைக்கு மேலே ஒரு மாடி அறையில் நான்கு வருடமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். வயது ஐம்பத்தொன்பது. வலது முழங்கால் அவளைவிட மூத்தது. பக்கத்தில் நனைந்த கோழி மாதிரி நின்றவன் சுகதன். ஆலப்புழைக்காரன், ஒரு காலத்தில் கோயில் திருவிழா மேடைகளில் மிமிக்ரி செய்துகொண்டிருந்தவன். மேடை படுத்துப் போனபிறகு அச்சாம்மாவின் ஜீப்பை ஓட்டுகிறான், கோப்புகளைச் சுமக்கிறான், கேட்காமலே கருத்தும் சொல்கிறான்.

"மேடம், போன வாரம் காணாமப் போன புருஷன். இந்த வாரம் காணாமப் போகாத நாத்தம்," என்று அவள் காதோரம் முணுமுணுத்தான். "நம்ம பிழைப்பு எங்கதான் போய் நிக்கப் போகுதோ."

காலையில் போன் செய்து கூப்பிட்டது ஏலிக்குட்டிதான். மகன் ரெஞ்சி குவைத்தில். மருமகள் ஜசிந்தா ஆலப்புழைக் கடற்கரையில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண்; மகன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள். அவள் தாய்வீட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து குழந்தையின் அறையில் எங்கோ ஒளித்து வைக்கிறாள், அந்த வாடையில் பேத்திக்கு மூச்சு முட்டுகிறது, அந்தக் கருவாட்டைக் கண்டுபிடித்துக் கையில் தரவேண்டும். இவ்வளவுதான் கேஸ். அச்சாம்மா ஏன் ஒத்துக்கொண்டாள் என்றால், மாடிப்படி ஏறவேண்டிய வேலை அதில் இல்லை என்று ஏலிக்குட்டி உறுதி சொல்லியிருந்தாள்.

ஆனால் கருவாட்டுக்குக் கெடு இருந்தது. நாலு மணிக்குக் கோட்டயத்திலிருந்து ஏலிக்குட்டியின் மூத்த மகள் ஆன்சி காரில் வருகிறாள். ஆறு வயது டெஸ்ஸாவை அழைத்துப்போகப் போகிறாள். ஒரு வாரத்துக்கு அல்ல. அங்கே பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கியாகிவிட்டது. நல்ல காற்றுள்ள வீட்டில் குழந்தை வளரட்டும் என்பது ஏலிக்குட்டியின் முடிவு. அம்மா சொல்கிறபடி செய் என்று குவைத்திலிருந்து ரெஞ்சியும் சொல்லிவிட்டான். குழந்தையோடு தாய் போவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

மணி இரண்டரை.

"தேடுங்க மேடம்," என்றாள் ஜசிந்தா. தானே அலமாரியைத் திறந்து சாவியைக் கட்டிலில் போட்டாள். முப்பது வயதுதான் இருக்கும். ராத்திரி முழுக்கக் குழந்தையை நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்தே தூங்குகிறவளின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. "இருந்தா எனக்கும் தெரிஞ்சாகணும்."

தேடினார்கள். மெத்தையைப் புரட்டினார்கள், பொம்மைக் கூடையைக் கவிழ்த்தார்கள், ஏசியின் மூடியைக் கழற்றி வடிகட்டியைத் தட்டினார்கள். அச்சாம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகாட்ட, சுகதன் எடுத்து எடுத்துத் தரையில் அடுக்கினான். அறைக்கு வாசனை போடுகிற டப்பாக்கள் நான்கு. ரசகற்பூர உருண்டைகள் ஒரு பை. சாயங்காலமானால் ஏலிக்குட்டி சாம்பிராணிபோலக் குந்திரிக்கம் புகைக்கிற மண்சட்டி. ஏசிக் குளிர் வெளியே போகக்கூடாதென்று ஜன்னலின் இடுக்கெல்லாம் ஒட்டுநாடா. குழந்தையின் பள்ளிக்கூட ஷூவில் வெள்ளைப் பூஞ்சை, கட்டில் காலில் பச்சைப் பூஞ்சை.

"ரோஜா, மல்லி, சந்தனம், ஊர்பேர் தெரியாத ஒரு சீமைப் பூ," என்று சுகதன் டப்பாக்களை எண்ணினான். "பூவெல்லாம் வாங்கி வச்சிட்டீங்க. பொணத்ததான் காணோம்."

மேற்குச் சுவரில் மட்டும் குட்டி யானைகள் படம் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. அதன் அடியோரம் சுருண்டு எழும்பியிருந்தது. அச்சாம்மா குனிய முடியாமல் குனிந்து நகத்தால் இழுத்தாள். மிளகைத் தூவினாற்போலக் கரும்புள்ளிகள். விரலில் சளிபோல ஈரம்.

"உன் மூக்கைக் குடுடா," என்றாள் சுகதனிடம். "என்னுதுல சந்தனந்தான் ஏறுது."

சுகதன் சுவரோடு முகம் வைத்து மூச்சிழுத்தான். இழுத்ததும் அவன் முகத்திலிருந்து நக்கல் இறங்கிவிட்டது. 

"சொல்லு."

"மேல ஈரத்துணி வாடை. அதுக்கு அடியில..." ஜசிந்தாவைப் பார்க்காமல் சொன்னான். "அடியில எங்க ஊர் கடக்கரை, மேடம். கருவாடுதான்."

ஏலிக்குட்டி கட்டிலைவிட்டு எழுந்தாள். கேட்டாயா என்று மருமகளைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை முகமே கேட்டது. ஜசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் கண்ணில் கோபமில்லை. தான்தான் ஏதாவது செய்து மறந்துபோய்விட்டோமோ என்று யோசிக்கிற பார்வை அது. நிறையக் கைதிகளிடம் அச்சாம்மா அதைப் பார்த்திருக்கிறாள். செய்யாதவர்களிடம்தான் அது அதிகம் வரும்.

ஆனால் கருவாடு கிடைக்கவில்லை. ஒரு வால், ஒரு செதில்கூட இல்லை.

அச்சாம்மா சுவரின் கதையைக் கேட்டாள். பிளம்பர் மூன்று தடவை வந்து போய்விட்டான். அந்தச் சுவரில் குழாயே கிடையாது, குளியலறை எதிர்ப் பக்கம். கூரை ஓடு மாற்றினார்கள். தண்ணீர் புகாத பெயிண்ட் இரண்டு தடவை அடித்தார்கள், உரிந்து வந்தது. கடைசியாகத்தான் யானைக் காகிதம். மகர மாதத்து வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்துவிடும் என்றாள் ஜசிந்தா, ஆனால் மழையே பெய்யாமல் வெறும் மேகம் கவிந்த நாளிலும் திடீரென்று வியர்க்கும்.

"ஒழுக்குன்னா அதுக்கு மழை வேணும்," என்றாள் அச்சாம்மா. "இது காத்துல இருந்தே தண்ணி குடிக்குது. இந்த அறைய எப்பத் திறந்தீங்க?"

"இவ கல்யாணத்துக்குத்தான்," என்றாள் ஏலிக்குட்டி. தான் வாழ வந்த நாளிலிருந்து நாற்பத்தாறு வருடம் அது பூட்டியே கிடந்ததாம். பழைய நெல் அறை, பாம்பு இருக்கும், போகாதே என்று மாமனார் சொல்லியிருந்தார். மகன் கல்யாணத்துக்குக் குளியலறை சேர்ந்த ஓர் அறை வேண்டுமென்று காண்ட்ராக்டர்தான் அதை உடைத்துப் பூசி, தரைக்கு ஓடு பதித்துக் கொடுத்தான். மணமக்கள் அறை, பிறகு குழந்தையின் அறை.

"அப்போ நீங்க சொல்றது சரிதான். இவ வர்றதுக்கு முன்னாடி வீட்டுல வாடை இல்ல."

"அதத்தான் நான் சொல்றேன்."

"கதவு பூட்டியிருந்தா வாடை எப்படி வரும்," என்று சொல்லிவிட்டு அச்சாம்மா எழுந்தாள். ஏலிக்குட்டிக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று.

*

கூடத்தில் டெஸ்ஸா மூக்கில் மருந்துப் புகை மூடியோடு உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய பெட்டி, பூட்டி, மேலே ரெயின்கோட் வைத்துத் தயாராக இருந்தது. சுகதன் அவள் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து வாத்துபோல், படகு மோட்டார்போல், பஸ் கண்டக்டர்போல் கத்தினான். குழந்தை சிரிக்கவில்லை. பசுபோல் கத்தியபோதுதான் மூடியை விலக்கினாள்.

"தப்பு. எங்க அம்மிணி அப்படி கத்தாது."

"அப்புறம் எப்படி?"

"கத்தவே கத்தாது. கர்ர்ர், கர்ர்ர்னு நக்கும். மத்தியானம் படுத்தா சுவருக்குள்ள கேக்கும்."

அச்சாம்மா நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். எந்தச் சுவர் என்று கேட்டாள். யானைச் சுவர் என்றது குழந்தை. யானைக்கும் அம்மிணிக்கும் பேச்சு நடக்கிறது என்று அது முடிவுகட்டியிருந்தது. அதோடு நிற்காமல், தன் அறையில் இன்னொரு வித்தையும் உண்டு, பந்தை எங்கே வைத்தாலும் தானாகவே யானைகளிடம் ஓடிப்போகும் என்று சொன்னது. சுகதன் போய் வைத்துப் பார்த்தான். கதவோரம் வைத்தான், கட்டிலடியில் வைத்தான். பந்து ஒவ்வொரு தடவையும் மேற்குச் சுவரின் இடது மூலைக்குப் போய்த்தான் நின்றது.

"காண்ட்ராக்டர் சரியா தளம் போடல," என்றாள் ஜசிந்தா.

"பழைய தளத்து மேலேயே ஓடு பதிச்சிருப்பான். அவன் போட்ட சரிவு இல்ல இது," என்றாள் அச்சாம்மா. "நெல் போடற அறைக்கு எதுக்கு சரிவு? நெல்லுல இருந்து என்ன வடியும்?"

 மணி மூன்று.

மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் தகரச் சார்பு இறக்கி மாட்டுக் கொட்டகை. அதற்கு அப்பால் ஆகாயத்தாமரை மூடிய பழைய வாய்க்கால். முன்பு ஆலப்புழையிலிருந்து சரக்கு ஏற்றிய கேவு வள்ளங்கள் வந்துபோன வழி. அம்மிணி வைக்கோலை மதிக்காமல் சுவரோடு முகம் வைத்து நின்றிருந்தது. நாக்கு ஒரே சீராக மேலும் கீழும் போயிற்று. கர்ர்ர். கர்ர்ர். அதன் தலை உயரத்தில் பூச்செல்லாம் போய், உள்ளே இருந்த செம்புரைக்கல் தேய்ந்து, சோற்றுக் கிண்ணம் கவிழ்க்கலாம்போல் ஒரு வழவழப்பான குழி.

சாணி பூசினோம், வேப்பெண்ணெய் தடவினோம், சனியன் விடமாட்டேனென்கிறது என்று ஏலிக்குட்டி குடைக்குள்ளிருந்து அலுத்துக்கொண்டாள். இதற்கு முன்னால் இருந்த பசுவும் இப்படித்தானாம்.

அச்சாம்மா சுகதனைப் பார்த்தாள். சுகதன் அவளைப் பார்த்தான்.

"வேண்டாம் மேடம்."

"பசு செய்யுது."

"அதுக்குக் குடும்பமில்ல. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"மாட்டு எச்சில் படாத எடமாப் பாரு."

மேடையில் எத்தனையோ பேரை நடித்துக் காட்டியவன், அன்று ஒரு பசுவை நடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, குழிக்கு ஒரு முழம் தள்ளி, நுனிநாக்கால் ஒரு தொடு. பிறகு துப்பினான். மறுபடியும் துப்பினான்.

"உப்பு. சும்மா இல்ல, ஊறுகாய்ப் பானை அடிமண்டி மாதிரி உப்பு."

"அதான் காத்துல இருந்து தண்ணி குடிக்குது," என்றாள் அச்சாம்மா. சமையலறை ஜாடியில் உப்பு கர்க்கடகத்தில் கசிந்து கிடப்பதில்லையா, அதுதான். இந்தக் கல்லுக்குள் எத்தனையோ வருட உப்பு ஊறிக் கிடக்கிறது. மேலே எந்தப் பெயிண்டை அடித்தாலும் தள்ளிவிடும். காகிதம் ஒட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதோடு ஜன்னலையும் அடைத்து, வாசனையும் புகையும் போட்டால் குழந்தை எதைத்தான் மூச்சிழுக்கும்?

சுகதன் இன்னும் துப்பிக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தினான்.

"மேடம், இந்த வீட்டுப் பேர் என்ன சொன்னீங்க?"

"பாண்டியாலயில்."

"அடக் கடவுளே," என்று வாயைத் துடைத்தான். "வாசல்ல பேர்ப்பலகையப் பாத்ததுல இருந்து நான் ஏதோ பாண்டிய ராஜான்னே நெனச்சிட்டிருக்கேன். எங்க துறைமுகத்துப் பக்கம் பழைய சுமைதூக்கி ஆளுங்க சரக்குக் கிடங்க என்னன்னு சொல்வாங்க தெரியுமா? பாண்டியால. பண்டகசாலைதான் வாய்க்கு வாய் தேஞ்சு பாண்டியால ஆச்சு."

ஏலிக்குட்டி ஏற்கெனவே குடையோடு உள்ளே போய்விட்டிருந்தாள்; அவள் இதைக் கேட்கவில்லை. அச்சாம்மா வாய்க்காலையும் சுவரையும் பார்த்தாள். சுவரின் நடுவில், வள்ளத்திலிருந்து நேரே சரக்கு இறக்குகிற அகலத்துக்கு, அடைக்கப்பட்ட ஒரு வாசலின் கோடு தெரிந்தது. பந்து போய் நிற்கிற மூலைக்கு நேரே, கீழே, உப்புநீர் வடிய ஒரு கல்மடை.

*

வீட்டுப் பெரியவர் அவராச்சன் முன்பக்கத்துச் சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுபத்தாறு வயது. காலடியில் அச்சகத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டிகள், மழைச்சாரல் படாமல் பிளாஸ்டிக் விரித்து மூடியவை. 'பாண்டியாலயில் குடும்ப சரித்திரம்', ஐந்நூறு பிரதி. அடுத்த மாதம் குடும்பக் கூட்டத்தில் வெளியிடப் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவரும் அவர்தான், புத்தகத்தை எழுதியவரும் அவர்தான்.

அச்சாம்மா கேட்காமலே ஒன்றை எடுத்துப் புரட்டினாள். முதல் அத்தியாயத்தில் பாண்டிய ராஜா ஒருவர் மூதாதையர் ஒருவரின் வைத்தியத்துக்கு மகிழ்ந்து ஆலயமும் நிலமும் கொடுத்திருந்தார். பாண்டியன் தந்த ஆலயம், பாண்டியாலயம். அதன்பின் வைத்தியர், பாதிரியார், தோட்டக்காரர், வக்கீல் என்று எல்லோருக்கும் படம், பெயர், தொழில். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், அவராச்சனின் அப்பா மாத்துவின் படத்துக்குக் கீழே, 'வியாபாரப் பிரமுகர்' என்று இருந்தது.

"என்ன வியாபாரம், அப்பச்சா?"

"பலதும்."

"பலதுல உப்பும் கருவாடும் உண்டா?"

அவராச்சன் வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  அறிக்கையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுத முடியுமா என்று கேட்டார். ஒரு மரியாதைக்குக் கேட்டதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"எழுதலாம். நாலு மணிக்கு ஒரு குழந்தை பெட்டியோட போகும். உங்க மருமக இந்த வீட்டுல எந்த அறையில இருப்பாங்கறீங்க?"

"எனக்கு அப்ப எட்டு வயசு," என்றார் அவர். கேள்விக்குப் பதில் சொல்கிற குரல் இல்லை அது. "பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பத்துக் கூடை உள்ள எடுத்து அடுக்கணும். அப்புறம் வாய்க்கால்ல எறங்கித் தேங்கா நாரும் சாம்பலும் போட்டுத் தேச்சுக் குளிப்பேன், தோல் எரியற வரைக்கும். என்னத்தத் தேச்சு என்ன. பெஞ்சுல பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான். கருவாட்டு அவரான். வாத்தியாரே அப்படித்தான் கூப்பிட்டாரு."

பிறகு அவர் அப்பா மலைப்பக்கம் ரப்பர்த் தோட்டம் வாங்கினார், கிடங்கைப் பூட்டினார், வாசலை அடைத்தார். நெல் அறை என்று சொல்லச் சொன்னார். இருபத்து மூன்று வயதில் ஏலிக்குட்டியைப் பெண் பார்க்கப் போனபோது பாண்டிய ராஜா பிறந்தார். சொல்லச் சொல்ல ராஜாவுக்குக் கைகால் முளைத்தது, அத்தியாயம் முளைத்தது. காண்ட்ராக்டர் அந்த அறைதான் சௌகரியம் என்றபோது, வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த காரணம் ஒன்றுதான்.

"வாடை வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒரு மூச்சுல தெரிஞ்சுது. எழுபது வருஷம் ஆனாலும் அது மறக்குமா?" கையைத் தூக்கிப் போட்டார். "ஏலிக்குட்டி வந்து, அது அந்தப் பொண்ணோட வந்த நாத்தம்னு சொன்னா. நான்... அதையே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

சுகதன் அட்டைப்பெட்டிகளின் மேல் விலகியிருந்த பிளாஸ்டிக்கை இழுத்து மூடினான்.  

கதவுக்குப் பின்னால் கண்ணாடித் தம்ளர் ஒன்று தட்டில் உரசிய சத்தம். ஏலிக்குட்டி. வந்தவர்களுக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தவள் எப்போதிலிருந்து அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. சாயா பாதி தட்டிலேயே கிடந்தது. அவளுக்கும் பின்னால், கூடத்தின் நடுவில், குழந்தையின் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஜசிந்தா.



கேட்டில் கார் ஹாரன் அடித்தது. மணி நாலாக ஐந்து நிமிஷம். ஆன்சி எப்போதும் முன்னதாகவே வருகிறவள்.

அவராச்சன் எழுந்தார். அச்சாம்மா கை கொடுக்கப் போனாள், வேண்டாமென்று தலையசைத்தார். குடையும் எடுக்கவில்லை. முற்றத்துச் சேற்றில் வேட்டி நனைய நடந்துபோய்க் கார் ஜன்னலில் குனிந்தார். மழைச் சத்தத்தில் பேச்சு முழுதும் கேட்கவில்லை. குழந்தை எங்கும் வராது என்பது கேட்டது. உன் தாத்தா கருவாடு விற்றவர் என்பதும், அதை அவர் இரண்டு தடவை சொன்னதும் கேட்டது. முதல் தடவை ஆன்சிக்குப் புரியவில்லை போலிருக்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்குள் அச்சாம்மா வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். குழந்தை இன்றிலிருந்து கிழக்குப் பக்கத்து முன்னறையில் படுக்கட்டும். விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருக்கிற அறை, இரண்டு ஜன்னலும் நன்றாகத் திறக்கும். பழைய மெத்தை கூடாது. யானைக் காகிதத்தை இன்றைக்கே கிழித்து வெளியே போடவேண்டும், கிழிக்கும்போது குழந்தை அந்தப் பக்கம் வரக்கூடாது. வாசனை டப்பா, ரசகற்பூரம், குந்திரிக்கப் புகை எதுவும் இனிமேல் அதன் பக்கத்தில் வேண்டாம். மூச்சுக்கு டாக்டரிடம் மறுபடி காட்டவேண்டும், இந்த விவரத்தையெல்லாம் சொல்லவேண்டும்.

"அந்த அறைய என்ன செய்யறது?" என்று ஏலிக்குட்டி கேட்டாள். குரல் எங்கோ இருந்து வந்தது.

"கதவத் தொறந்து போடுங்க. அம்மிணி கொஞ்சம் கொஞ்சமா முடிச்சிடும்," என்றான் சுகதன். அவனே அதற்குச் சிரிக்கவில்லை.

டெஸ்ஸா தன் பந்தை முன்னறையின் தரையில் வைத்துப் பார்த்தாள். அது வைத்த இடத்திலேயே நின்றது. இந்த அறை மக்கு என்றாள். இருந்தாலும் ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அச்சாம்மா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டினாள். முழங்கால் மடங்க மறுத்தது. அறிக்கையில் என்ன எழுதலாம் என்று சுகதன் கேட்டதற்கு, கருவாடு கிடைத்தது என்று எழுது, உரிமையாளர் அடையாளம் காணப்பட்டார் என்று எழுது என்றாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், ஏலிக்குட்டி குழந்தையின் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு மருமகள் எதிரே வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள், காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

ஜசிந்தா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏழு வருஷமா நான் தினம் மூணு தடவை குளிக்கிறேன் அம்மச்சி. காய்ச்சல் வந்தாக்கூட."